பாரம் போகும் பாதை

"எஞ்சினை இறக்கணும்" என்பார்கள் மெக்கானிக்குகள். ஆனால் அம்பாசடர் போன்ற காரில் எஞ்சின் இறங்குவதே இல்லை. பானெட்டைக் கழற்றியபின் அது மேலே ஏறித்தான் வெளியே வருகிறது. சின்ன வயதில் இந்தச் சொல் எனக்குப் புரியாத புதிராக இருந்தது. தலைச்சுமை கொண்டுவருகிறவர் சுமையை இறக்கும்போது இரண்டு கையாலும் அதைச் சற்றே மேலே தூக்கிய பிறகே இறக்குகிறார் என்பதைக் கவனித்த நாளில்தான் சொல்லின் நியாயம் பிடிபட்டது. ஒரு பாரத்தை அது உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து விடுவித்து, தாங்கக்கூடிய வேறோர் இடத்தில் சேர்ப்பதுதான் இறக்குதல். பழைய வண்டிப்பாதைகளின் ஓரத்தில் நிற்கும் சுமைதாங்கிக் கற்கள் அதற்காகவே நடப்பட்டவை. வீட்டு முற்றத்தில் எஞ்சினை இறக்கத் துணிகிறவர் ஒவ்வொரு கட்டத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பாரம் இப்போது எதன்மேல் இருக்கிறது, அடுத்து எதன்மேல் போகப்போகிறது?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுத்தந்தவர் என் தாய்மாமா. கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டயபுரம் சாலையை விட்டு உள்ளே தள்ளிய ஒரு கரிசல்காட்டுக் கிராமத்தில் வாடகைக்கு அம்பாசடர் ஓட்டினார். கல்யாணம், பிரசவம், திருச்செந்தூர், ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் என்று ஊர் முழுக்க ஏறி இறங்கிய பெட்ரோல் வண்டி. ஒரு பங்குனியில் அது நீலப்புகை கக்க ஆரம்பித்தது. நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்களோ அவை உரசும் சிலிண்டர் சுவரோ தேய்ந்து, கீழே இருக்க வேண்டிய ஆயில் மேலே ஏறி பெட்ரோலோடு சேர்ந்து எரிகிறது.

அம்பாசடர் பிறந்த கதையை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றி, கொல்கத்தாவை ஒட்டிய உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் இறுதியில் இதைச் செய்யத் தொடங்கியது. 2014 மே மாதத்தோடு அங்கே உற்பத்தி நின்றது. இடைப்பட்ட காலத்தில் நெடுநாள் அதன் பானெட்டுக்குள் இருந்தது நான்கு சிலிண்டர் கொண்ட 1489 சிசி எஞ்சின். ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் 73.025 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 88.9 மில்லிமீட்டர். வட்டத்தின் பரப்பை உயரத்தால் பெருக்கி நான்கு மடங்காக்கினால் 1489 கன சென்டிமீட்டர் வரும். பள்ளிக்கூடத்தில் உருளையின் கன அளவு கண்டுபிடித்த அதே கணக்கு. காரின் பின்னால் ஒட்டியிருக்கும் சிசி எண்ணுக்கு வேறு ரகசியம் கிடையாது.

சிலிண்டர் தேய்ந்ததற்குக் காரணம் வயதோடு சேர்ந்து புழுதியும்தான். சித்திரை வைகாசியில் கரிசல்காட்டு வண்டிப்பாதையில் கார் போனால் பின்னால் ஒரு மேகமே எழும்பும். கரிசலின் களிமண் துகள்கள் இரண்டு மைக்ரானுக்கும் சிறியவை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்தத் துகள்கள் மெத்தென்றவை. மண்ணில் கலந்திருக்கும் சுக்கான்கல் பொடியும் இரும்பைவிட மென்மையானதே. வெட்டுவது அவற்றோடு கலந்து வரும் மணல் துணுக்கு, அதாவது குவார்ட்ஸ். அது வார்ப்பிரும்பைவிடக் கடினம். வளையத்துக்கும் சுவருக்கும் நடுவே ஆயில் சில மைக்ரான் தடிமனுள்ள படலமாகத்தான் நிற்கிறது. அந்தப் படலத்தைவிடப் பெரிய மணல் துணுக்கு உள்ளே புகுந்தால் இரண்டு பக்கத்தையும் அறுத்துக்கொண்டே போகும். பழைய அம்பாசடரின் ஏர் ஃபில்டருக்கு அடியில் ஒரு தட்டில் ஆயில் இருக்கும். உள்ளே வரும் காற்று அதன்மேல் திரும்பும்போது கனமான தூசி திரும்ப முடியாமல் ஆயிலில் விழுந்து ஒட்டிக்கொள்ளும். எளிமையான, அழகான ஏற்பாடு. ஆனால் வேறு ஊரில் மாதக்கணக்கில் தாங்கும் அந்த ஆயில் கரிசலில் வாரக்கணக்கில் சேறாகிவிடும். கழுவி மாற்றாவிட்டால் புழுதிக்குக் கதவைத் திறந்துவைத்ததற்குச் சமம்.

சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். கடைசல் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோக முடியாது, எஞ்சினை மட்டும்தான் கொண்டுபோக முடியும். அதனால் இறக்கியாக வேண்டும். மாமா வீட்டிலேயே இறக்க முடிவு செய்தார்.

தமிழ்நாட்டில் இப்படித் தானே பிரித்துப் பார்த்துக் கற்றவர்களுக்கு ஒரு முன்னோடி உண்டு. கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு, இளைஞராக இருந்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். ஓட்டல் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றப் போகவில்லை. பாகம் பாகமாகப் பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றும் எதற்காக இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தோடு அவர் தொடங்கிய தொழில்தான் பின்னர் யு.எம்.எஸ். நிறுவனமாக வளர்ந்தது. பள்ளிப் படிப்பு பெரிதாக இல்லாத ஒருவருக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் பாடப்புத்தகமாக இருந்தது. நம் பிள்ளைகளுக்கு இயந்திரவியலைக் கரும்பலகையில் மட்டும் கற்றுத்தருகிறோம். ஒரு பழைய எஞ்சினைப் பள்ளி வராந்தாவில் வைத்து ஒரு செட் ஸ்பேனரையும் கொடுத்தால் எத்தனையோ பாடங்கள் கைவழியாக ஏறும். இதை நான் பல ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

மாமா முதலில் கழற்றியது பேட்டரி ஒயரை. அதிலும் ஒரு வரிசை இருக்கிறது. பேட்டரியின் இரண்டு முனைகளில் ஒன்று காரின் இரும்பு உடலோடு இணைந்திருக்கும். அதைத்தான் முதலில் கழற்ற வேண்டும். மற்ற முனையில் முதலில் ஸ்பேனரை வைத்து, ஸ்பேனரின் மறுமுனை தவறிப்போய் பாடியில் பட்டால், பேட்டரியின் முழு வேகமும் அந்த ஸ்பேனர் வழியாகப் பாயும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தில் ஸ்பேனர் பழுத்துக் கையோடு ஒட்டும். "நெகட்டிவை முதலில் கழற்று" என்று பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். இன்றைய கார்களுக்கு அது சரி. மிகப் பழைய பிரிட்டிஷ் வகைக் கார்களில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருந்தது. ஆகவே நிறத்தையும் குறியையும் நம்பாமல் ஒயர் எங்கே போய்ச் சேருகிறது என்று கண்ணால் தொடர்ந்து பார்ப்பதே சரியான வழி.

அடுத்தது பெட்ரோல். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. புகைபோல் மேலே போய்க் கலையாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். மெக்கானிக் ஷெட்டுகளில் காருக்கு அடியில் வெட்டியிருக்கும் குழிகள் அதனாலேயே ஆபத்தானவை. திரவ பெட்ரோல் பூஜ்ஜியத்துக்கும் கீழே பல டிகிரிக் குளிரில்கூடப் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும் என்றால், கரிசல் வெயிலில் என்ன செய்யும் என்று எண்ணிக்கொள்ளலாம். கோவில்பட்டி தீப்பெட்டி ஊர். ஒரு சின்ன உரசலில் தீ எப்படிப் பிறக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். மாமா டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, மரத்தக்கையால் அடைத்து, பாத்திரத்தில் சேர்ந்த பெட்ரோலை மூடி வீட்டுக்கு வெகுதூரத்தில் கொண்டுபோய் வைத்தார். அன்று முழுக்க முற்றத்தில் பீடிக்குத் தடை.

பிறகு நட்டும் போல்ட்டும். இங்கேதான் நாள் ஓடுகிறது. இறுக்கிய போல்ட் உண்மையில் இழுத்துப் பிடித்த ஒரு ஸ்பிரிங். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அது நீண்டிருக்கிறது, சுருங்க முயன்று இரண்டு பாகங்களையும் அழுத்திப் பிடிக்கிறது. துரு சேரும்போது இரும்பின் கன அளவு கூடுவதால் மரையின் இடுக்கு அடைபட்டுப் போகிறது. மண்ணெண்ணெய் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுவது, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அந்த இடுக்குக்குள் அது ஏறிக்கொள்ளட்டும் என்றுதான். பிறகு நெம்பு. 30 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ அழுத்தம் கொடுத்தால் கிடைக்கும் திருகுவிசையை, ஒரு குழாயைச் செருகி 60 சென்டிமீட்டராக்கினால் பத்தே கிலோவில் பெறலாம். அந்த வசதியே போல்ட்டை முறிக்கவும் செய்யும். சைலன்சர் பைப் சேரும் இடத்தில் பித்தளை நட்டுகளைப் போட்டிருப்பார்கள். அதிகச் சூடும் ஈரமும் படும் இடத்தில் இரும்போடு இரும்பு துருப்பிடித்து ஒன்றாகிவிடக் கூடாது என்பதற்காக யோசித்துச் செய்த வேலை அது.

இன்னொரு சங்கடம் அளவு. அம்பாசடர் அங்குலக் கணக்கில் பிறந்தது. மாமாவின் பெட்டியிலோ பாதி ஸ்பேனர்கள் மில்லிமீட்டர் கணக்கு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 எண் ஸ்பேனர் அதில் ஏறிவிடும், 0.3 மில்லிமீட்டர் ஆட்டத்தோடு. கெட்டியான போல்ட்டில் அந்த ஆட்டம் போதும், ஆறு மூலையும் மழுங்கி வட்டமாகிவிடும். 9/16 அங்குலம் 14.29 மில்லிமீட்டர், அதில் 14 ஏறாது, 15 வழுக்கும். 1950களில் நம் நாடு மெட்ரிக் அளவுக்கு மாறத் தொடங்கிய பிறகும் அங்குலம் பானெட்டுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு இருந்தது.

ரேடியேட்டர், ஹோஸ்கள், செல்ஃப் மோட்டார் ஒயர், ஆக்சிலேட்டர் கம்பி, கிளட்ச் இணைப்பு, கியர் கம்பிகள், ஸ்பீடாமீட்டர் கேபிள், பின்னால் புரபெல்லர் ஷாஃப்ட் என்று ஒவ்வொன்றாக விடுபட்டன. அவற்றை நீட்டி எழுதத் தேவையில்லை. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றிய துளையிலேயே திரும்ப விரலால் திருகிவைத்தார் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். திரும்பப் பூட்டும்போது அது பாதி வேலையைக் குறைத்தது.

இனி எஞ்சினையும் கியர்பாக்ஸையும் காரோடு பிடித்திருப்பவை ரப்பர் மவுண்டிங்குகள் மட்டுமே. அம்பாசடர் எஞ்சினின் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. கியர்பாக்ஸோடு சேர்த்தால் 150 கிலோவுக்குக் குறையாது. கணக்குக்கு 200 என்று வைத்துக்கொள்வோம். ஏற்றக் கணக்கு போடும்போது கூட்டி வைப்பதில் நஷ்டமில்லை.

எதில் தொங்கவிடுவது? முற்றத்தில் பெரிய வேப்பமரம் இருந்தது. உதவிக்கு வந்தவர்கள் எல்லாரும் அதன் கிளையைத்தான் பார்த்தார்கள். மாமா மறுத்துவிட்டார். பக்கவாட்டில் நீண்ட கிளையின் நடுவில் 200 கிலோவைத் தொங்கவிட்டால், அந்தப் பாரம் கிளை மரத்தோடு சேரும் கக்கத்தில் நெம்பாக மாறும். உள்ளே பூச்சி அரித்திருக்கிறதா என்று வெளியே தெரியாது. மாட்டுத்தொழுவத்தில் பனை உத்திரம் இருந்தது. அது வேறு சாதி. பனைக்கு மற்ற மரங்களைப்போல நடுவில் வைரம் கிடையாது. நார்க்கற்றைகள் வெளிச்சுற்றில் நெருங்கி, உள்ளே போகப் போக அரிதாகி, நடுவில் சோறு மட்டும் இருக்கும். வளைகிற எந்த உத்திரத்திலும் விசை அதிகம் விழுவது மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும்தான், நடுப்பகுதி ஏறக்குறைய சும்மா இருக்கிறது. பனை தன் பலத்தைத் தேவையான இடத்தில் வைத்திருக்கிறது. காற்றில் ஐம்பது அறுபது வருடம் ஆடி நின்ற மரத்துக்கு அது தெரியாமல் இருக்குமா? ஆனால் உத்திரம் உட்கார்ந்திருந்த மண்சுவர் மாமாவுக்குத் திருப்தி தரவில்லை. பாரம் உத்திரத்தோடு நின்றுவிடாது, சுவருக்குப் போகும், சுவரிலிருந்து தரைக்குப் போகும். வழியில் எது நோஞ்சானோ அதுதான் மொத்தத்தின் பலம்.

கடைசியில், போர்வெல் மோட்டாரை மேலே தூக்குகிற ஆட்களிடமிருந்து மூன்று இரும்புக் குழாய்க் காலும் செயின் பிளாக்கும் வாடகைக்கு வந்தன.

செயின் பிளாக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த கமலைக் கிணறு நினைவுக்கு வரும். கமலையில் இருந்தது ஒற்றை உருளை. அது பாரத்தைக் குறைக்காது, இழுக்கும் திசையை மட்டும் மாற்றும். அதனால்தான் மாடுகளை இறங்கு சரிவில் ஓட்டினார்கள். மாட்டின் சொந்த எடையும் இழுவையோடு சேர்ந்துகொண்டது. செயின் பிளாக் வேறு தந்திரம் செய்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெஸ்டன் என்பவர் பேர் பெறச் செய்த பழைய வகையைச் சொன்னால் எளிதில் விளங்கும். மேலே ஒரே அச்சில் ஒட்டிய இரண்டு சக்கரங்கள். பெரியதில் சங்கிலியின் 12 கண்ணிகள் உட்காரும், சிறியதில் 11. ஒரே சங்கிலி பெரிய சக்கரத்தில் ஏறி, கீழே கொக்கியின் உருளையைச் சுற்றி, சிறிய சக்கரம் வழியாகத் திரும்புகிறது. மேல்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு பக்கம் 12 கண்ணி மேலே போகிறது, மறுபக்கம் 11 கண்ணி கீழே வருகிறது. கொக்கியைத் தாங்கும் வளையம் ஒரே ஒரு கண்ணி குறைகிறது. அது இரண்டு பக்கமும் பங்காவதால் கொக்கி அரைக் கண்ணிதான் உயர்கிறது. 12 கண்ணி இழுத்து அரைக் கண்ணி உயர்வு, 24-க்கு 1. எஞ்சினை 60 சென்டிமீட்டர் தூக்க 14.4 மீட்டர் சங்கிலியை இழுக்க வேண்டும். உழைப்பு குறையவில்லை, நீளமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

கணக்குப்படி 200 கிலோவுக்கு எட்டரைக் கிலோ இழுவை போதும். நடைமுறையில் அதைப்போல இரு மடங்குக்கும் மேல் தேவைப்படும், மீதியை உராய்வு தின்கிறது. இந்த நஷ்டம்தான் நம்மைக் காப்பாற்றுகிறது. நாம் போடும் உழைப்பில் பாதிக்கு மேல் உராய்வுக்குப் போகிற இயந்திரத்தில், கையை விட்டாலும் பாரத்தால் தானாகக் கீழே இறங்க முடியாது. உராய்வை ஜெயிக்க அதன் எடை போதாது. இன்று கிடைக்கும் செயின் பிளாக்குகளில் பற்சக்கரங்களும் தனிப் பிரேக்கும் உண்டு. தூக்கும்போது கேட்கும் கிர்கிர் சத்தம் அந்தப் பிரேக்கின் பல் விழுகிற சத்தம்.

எஞ்சினைச் சங்கிலியால் கட்டுவதிலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. துணி காயப்போடும் கொடிக்கயிற்றை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் ஈரத்துணி போட்டதும் தொய்கிறதே, அதே கணக்கு. இரண்டு சங்கிலிகள் நேராகத் தொங்கினால் 200 கிலோவில் ஆளுக்கு நூறு. அவை விரிந்து, படுக்கைக்கோட்டிலிருந்து 30 டிகிரிக்குச் சாய்ந்தால் ஒவ்வொன்றிலும் முழு 200 கிலோ இழுவை வரும். இன்னும் தட்டையானால் இன்னும் ஏறும். சங்கிலி நீளமாக, கொக்கி உயரமாக இருக்க வேண்டும்.

கட்டும் இடம் கியர்பாக்ஸோடு சேர்த்து இறக்குவதா, பிரித்து இறக்குவதா என்பதைப் பொறுத்தது. சேர்த்து எடுத்தால் பின்னால் நீண்டிருக்கும் கியர்பாக்ஸ் வால் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டு வர வேண்டும். வால் தாழ்ந்து மூக்கு உயர வேண்டும். தொங்குகிற எந்தப் பொருளும் தன் எடை மையம் கொக்கிக்கு நேர் கீழே வரும்வரை திரும்பிக்கொண்டே இருக்கும். ஆகவே கொக்கியை எடை மையத்துக்குச் சற்று முன்னால் பிடித்தால் வால் தானாகத் தாழும். பிரித்து எடுத்தால் வேறு கவலை. கியர்பாக்ஸின் முன் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டின் நடுப் பற்களுக்குள் புகுந்து, அதையும் தாண்டி எஞ்சினின் கிராங்க் நுனியிலுள்ள சிறு புஷ்ஷில் போய் உட்கார்ந்திருக்கும். போல்ட்டுகளைக் கழற்றியதும் கியர்பாக்ஸைத் தாங்க ஆளில்லாவிட்டால் அதன் முழு எடையும் அந்த ஒல்லி ஷாஃப்டில் தொங்கும், கிளட்ச் பிளேட் வளையும். வண்டி திரும்ப ஓடும்போது கிளட்ச் உதறும், காரணம் யாருக்கும் தெரியாது. அதனால் அடியில் ஜாக்கி கொடுத்து, மட்டம் பார்த்து, நேராகப் பின்னுக்கு உருவ வேண்டும். மாமா சேர்த்தே எடுத்தார்.

இனி தரை. இந்த அத்தியாயத்தைக் கோவில்பட்டியில் வைத்து எழுதக் காரணமே அந்தத் தரைதான்.

தக்காணத்தில் கரிசல் பெரும்பாலும் எரிமலைப் பாறை சிதைந்து உண்டானது. நம் தென்மாவட்டக் கரிசல் நைஸ் வகைப் பாறைகளிலிருந்து வந்தது. வழி வேறு, வந்து சேர்ந்த களிமண் ஒன்றே: ஸ்மெக்டைட். அதன் ஒரு தகடு ஒரு நானோமீட்டர் தடிமன். ஏறத்தாழ 70,000 தகடுகளை அடுக்கினால் ஒரு தலைமுடியின் தடிமன். இந்த வகையில் சுத்தமான களிமண் ஒரு கிராமை எடுத்து அத்தனை தகடுகளையும் பிரித்து விரித்தால் 700 சதுர மீட்டர் வரை பரப்பு வரும். நம் கணக்கில் பதினேழு சென்ட் நிலம், ஒரு சிட்டிகை மண்ணுக்குள். அந்தத் தகடுகளுக்கு நடுவே தண்ணீர் நுழையும்போது, சீட்டுக்கட்டின் ஒவ்வொரு சீட்டுக்கும் இடையே இன்னொரு சீட்டைச் செருகியதுபோல மண் உப்புகிறது. காயும்போது சுருங்கி வாய் பிளக்கிறது. வெடிப்புக்குள் ஒரு ஆளின் கை முழுசாகப் போகும். மேல்மண் அதற்குள் விழுந்து, அடுத்த மழையில் உப்பி மேலே தள்ளப்பட்டு, கரிசல் தன்னைத்தானே புரட்டிப் போட்டுக்கொண்டே இருக்கிறது. இந்த ஈரத்தைப் பிடித்துவைக்கும் குணம்தான் மானாவாரிப் பருத்திக்கும் கம்புக்கும் உளுந்துக்கும் உயிர். 1901-ல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்த மண்ணோடுதான் வேலை செய்கிறது.

பயிருக்கு வரமாக இருக்கும் அதே குணம் பாரத்துக்குப் பகை. கரிசலில் கட்டிய வீடுகளின் தரையும் சுவரும் விரிசல் விடுவது தெரிந்ததே. ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்காகவே அடியில் குமிழ்போல் பருத்த கான்கிரீட் தூண்களை வகுத்துக் கொடுத்தது. ஈரம் ஏறி இறங்கும் மேல்மண்ணைத் தாண்டி, ஏறத்தாழ மூன்றரை மீட்டர் ஆழத்தில் போய்க் காலூன்றும் தூண்கள். எஞ்சின் இறக்க யாரும் அப்படித் தூண் போட முடியாது. நாம் செய்யக்கூடியது பாரத்தைப் பரப்புவது.

மூன்று கால்களில் 200 கிலோ என்றால், கால்கள் சாய்ந்திருப்பதால் ஒவ்வொன்றிலும் எழுபது கிலோவுக்குச் சற்று மேல். குழாயின் அடி ஐந்து சென்டிமீட்டர் விட்டம், அதாவது இருபது சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு மூன்றரைக் கிலோ. சதுர மீட்டருக்கு மாற்றினால் 35 டன். காய்ந்த கரிசல் கல் மாதிரி நின்று இதைத் தாங்குவதுபோல் காட்டும், ஈரக் கரிசல் தாங்கவே தாங்காது. அதே காலுக்கு அடியில் 30-க்கு 60 சென்டிமீட்டர் அளவில் கெட்டியான பலகை கொடுத்தால், சதுர மீட்டருக்கு அரை டன்னுக்கும் கீழே வந்துவிடும். ஒரு பலகைத் துண்டு எழுபது மடங்குக்கு மேல் வித்தியாசம் செய்கிறது. கால்கள் வெளிப்பக்கமாக விரியவும் பார்க்கும். 20 டிகிரி சாய்வில் ஒவ்வொரு காலும் இருபத்துநாலு கிலோ விசையோடு வெளியே தள்ளும். அதனால் மூன்றையும் அடியில் சங்கிலியால் சுற்றிக் கட்ட வேண்டும்.

மாமா பழைய ரயில் கட்டைகளை வைத்திருந்தார். இரண்டு கால்களுக்குத்தான் இருந்தன. மூன்றாவது கால் காய்ந்த தரையில், வெறுமனே நின்றது.

சங்கிலி இறுகியதும் முதலில் எஞ்சின் அசையவே இல்லை. காரின் மூக்குதான் உயர்ந்தது. முன்சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக இருக்கும் டார்ஷன் பார்கள் முறுக்கு விட்டுக்கொண்டு, இத்தனை வருடம் சுமந்த பாரத்தை விடுவித்துக்கொண்டிருந்தன. நாலைந்து விரல்கடை கார் எழும்பிய பிறகே மவுண்டிங்கிலிருந்து எஞ்சின் பிரிந்தது. மெல்ல மூக்கு நிமிர்ந்து, கறுத்த எண்ணெய் வடிய, கோயில் தேர் அசைகிற கம்பீரத்தோடு அது மேலே வந்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். மாமா மட்டும் குனிந்திருந்தார்.

"மருமவனே, மேல என்னத்தப் பாக்க? கால்ல கண்ண வையி."

காரைப் பின்னால் தள்ளியாயிற்று. எஞ்சின் நடுவில் தொங்குகிறது. அந்த நேரம் பார்த்து வந்தது கோடை மழை. பத்தே நிமிடம்தான். ஆனால் மூன்றாவது காலுக்குப் பக்கத்தில் ஒரு வெடிப்பு இருந்தது, தண்ணீர் நேராக அதற்குள் இறங்கியது. மேலே தரை வெறும் ஈரம்தான், அடியில் மண் இளகிவிட்டது. கால் மூன்று விரல்கடை சரக்கென்று இறங்கியதை நான் பார்த்தேன், கத்தினேன். எஞ்சின் ஒரு பக்கமாக ஊஞ்சலாடியது. தொங்குகிற பாரத்தின் அடியிலோ அது விழக்கூடிய பக்கத்திலோ ஒருவரையும் மாமா நிற்கவிட்டிருக்கவில்லை. யாரும் அதைப் பிடிக்கப் பாயக் கூடாது என்று காலையிலேயே சொல்லியிருந்தார். கீழே முன்கூட்டியே போட்டுவைத்த லாரி டயர்மேல் அவர் நிதானமாகச் சங்கிலியைத் தளர்த்தி எஞ்சினை இறக்கினார். ஆயில் சம்ப் ஓரத்தில் ஒரு நசுங்கல், அவ்வளவுதான்.

பின்னாளில் வந்த மாருதி 800-ன் எஞ்சின் வெறும் 796 சிசி. குறுக்குவாட்டில் உட்கார்ந்து, கியர்பாக்ஸைப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு, முன்சக்கரங்களையே சுழற்றியது. நீண்ட புரபெல்லர் ஷாஃப்டும் இல்லை, அடியில் நீளும் வாலும் இல்லை. பாரம் குறைந்தது. பாரம் போகும் பாதையைப் பார்க்க வேண்டிய தேவை குறையவில்லை. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. தாங்க ஸ்டாண்டு வேண்டும், கரிசலில் ஸ்டாண்டுக்கு அடியில் பலகையும் வேண்டும்.

கடைந்து வந்த எஞ்சினை மாமா திரும்பப் பூட்டும்போது மூன்றாவது காலுக்கும் கட்டை வந்துவிட்டது. வெடிப்பிருந்த இடத்தை இரண்டடி தோண்டி, கரிசலை அள்ளிவிட்டு, சரள் கொட்டி இடித்தார். கரிசல் பூமியில் வீட்டில் இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்கள் ஸ்பேனர் வாங்கும் முன் சரள் அடித்துத் தரையைத் தயார் செய்யுங்கள். முடியாவிட்டால் மழை ஈரம் முழுக்க வற்றும்வரை பொறுத்திருங்கள்.